வாசித்தவர் பெயரும் வர வேண்டும்

மாசி பிறந்துவிட்டால் எனக்குத் தூக்கம் குறையும். திண்டுக்கல் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சொரிதல், நத்தம் மாரியம்மனுக்குப் பூக்குழியும் கழுமரமும் என்று ஆரம்பிக்கும் கும்பிடு, வைகாசி வரைக்கும் சுற்றுப்பட்டு ஊர்களில் ஒன்று மாற்றி ஒன்று நடந்துகொண்டே இருக்கும். அதற்கு முன்னாலேயே இளவட்டங்கள் நாலைந்து பேர் என் மாடியறைப் படியேறி வந்து, "எங்க அம்மனுக்குன்னு தனியா ஒரு பாட்டு வேணும்ணே" என்பார்கள். பாட்டில் ஊர்ப் பெயர் வர வேண்டும், ஊருணி வர வேண்டும், கரகம் எடுக்கும் பூசாரியின் பட்டப்பெயர்கூட வர வேண்டும். மெட்டுப் போட்டு, தாளம் கட்டி, பாட ஆள் பிடித்து, பதிவு செய்து, சாமி சாட்டும் நாளுக்குள் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

இப்போது இதற்கு மியூசிக் புரொடியூசர் என்று பெயர். அத்தை வீட்டில் கேட்டால் படத்துக்குப் பணம் போடுகிறவன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சினிமாவில் இசையமைப்பாளர் ஒருவர், கீபோர்டு புரோகிராமர் ஒருவர், ஒலிப்பதிவுக்கு ஒருவர், மிக்சிங்குக்கு ஒருவர் என்று பிரித்துச் செய்யும் வேலைகளை எங்களைப் போன்றவர்கள் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து செய்கிறோம். கம்ப்யூட்டர் மலிவானதால் உலகம் முழுக்க நடந்த மாற்றம் இது. 2019ல் பில்லி ஐலிஷ் வெளியிட்ட முதல் ஆல்பத்தை அவருடைய அண்ணன் ஃபினியஸ் பெரும்பாலும் வீட்டுப் படுக்கையறையில் வைத்தே செய்து முடித்தார். அடுத்த ஆண்டு அது கிராமியில் சிறந்த ஆல்பம் விருதை வாங்கியது. லாஸ் ஏஞ்சலஸ் படுக்கையறை போதும் என்றால், திண்டுக்கல் மாடியறை மட்டும் ஏன் போதாது?

மாமாவின் மைக்செட்

எனக்குக் காது திறந்தது தாய்மாமனின் மைக்செட்டில். ஆடி மாதம் எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு, கார்த்திகையில் வீரமணியின் ஐயப்பன் பாட்டு, பேகம்பூர் பக்கம் விசேஷம் என்றால் நாகூர் ஹனீபா, முத்தழகுபட்டி செபஸ்தியார் திருவிழா என்றால் மாதா பாட்டு. சாமி எதுவானாலும் குழாய் ஒன்றுதான். எந்தப் பாட்டுக்குக் கூட்டம் திரும்பிப் பார்க்கிறது, எதற்கு உட்கார்ந்துவிடுகிறது என்பதை ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்தபடியே படித்துக்கொண்டேன்.

கீபோர்டு பழகியது முத்தழகுபட்டி நண்பனோடு ஒட்டிக்கொண்டு. அவன் கோயில் பாடகர் குழுவில் வாசித்தான். தமிழ்நாட்டில் கார்டு பிடிக்கத் தெரிந்த கீபோர்டுக்காரர்களில் பலபேர் தேவாலயத்தில் இருந்துதான் வருகிறார்கள். நாலு குரலில் சேர்ந்து பாடும் வழக்கம் அங்கே இருப்பதால், ஒரு சுரத்துக்குக் கீழே இன்னும் எந்தெந்தச் சுரம் நிற்கும் என்பது சின்ன வயதிலேயே காதில் ஏறிவிடுகிறது.

மாமாவின் கேசட் பெட்டியில் இளையராஜா தனி அடுக்கு. எங்களுக்கு மேற்கே பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராக மேடை ஏறி, பிறகு சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, 1976ல் 'அன்னக்கிளி'யோடு வந்தவர். வயற்காட்டுப் பாட்டோடு மட்டும் அவரைச் சேர்த்துப் பேசுகிறவர்களுக்கு நான் 1986ல் வந்த 'புன்னகை மன்னன்' படத்தை நினைவூட்டுவேன். தமிழில் சீக்வென்சரை, அதாவது சுரங்களைக் கம்ப்யூட்டரில் வரிசையாகப் பதித்து வாசிக்க வைக்கும் கருவியை, துணிந்து பயன்படுத்திய தொடக்ககாலப் படங்களில் அது ஒன்று. நாட்டுத்தாளமும் கம்ப்யூட்டரும் எதிரிகள் இல்லை என்று அப்போதே காட்டிவிட்டார்.

ஏ.ஆர்.ரஹ்மானிடம் என்னைக் கவர்ந்தது இன்னொன்று. கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டியே 1989ல் ஒலிப்பதிவுக் கூடம் கட்டிக்கொண்டவர், 1992ல் 'ரோஜா'வோடு சத்தத்தையே மாற்றினார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவருடைய கேசட்டுகளுக்குள் மடித்து வைத்த அட்டையில் பாடியவர், எழுதியவர் பெயரோடு வாசித்தவர்களின் பெயரும் இருக்கும். புல்லாங்குழல் நவீனும் பாஸ் கிடார் கீத் பீட்டர்ஸும் எனக்கு அந்த அட்டையில்தான் அறிமுகம். பாட்டு ஓடும்போது அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த இடத்தில் வாசிப்பது இவர், அந்த இடத்தில் அவர் என்று விரலால் தொட்டுத் தொட்டுக் கேட்பேன்.

அதே மாமா வீட்டு அலமாரியில் ஊர்த் திருவிழா நோட்டீசுகளும் கட்டுக் கட்டாகக் கிடக்கும். அதில் அன்னதான உபயம் செய்தவர் பெயர், பந்தல் போட்டவர் பெயர், மைக்செட் பெயர், நோட்டீஸ் அடித்த அச்சகம் வரை இருக்கும். விடிய விடிய அடித்தவர்களுக்கு மட்டும் 'தாரை தப்பட்டை முழங்க' என்ற மூன்று சொல். இது மறதியால் நடப்பது கிடையாது. பறையடித்தவர்களை ஊர் எங்கே நிறுத்தியதோ, அங்கேதான் நோட்டீசும் நிறுத்தியது.

திண்டுக்கல்லை மையமாகக் கொண்டு சகோதரி சந்திரா உருவாக்கிய சக்தி கலைக்குழு அந்த இடத்தைப் புரட்டிப்போட்டது. ஆண்களே, அதுவும் இழவு வீட்டு வாசலில் அடிப்பது என்று இருந்த பறையைத் தலித் பெண்பிள்ளைகள் தோளில் மாட்டி மேடையில் ஆடியபடி அடித்தார்கள். அமெரிக்க இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் இந்தக் குழுவைப் பற்றி 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்றே ஓர் ஆவணப்படம் எடுத்திருக்கிறார். சினிமாப் பக்கம் திருச்சிக்காரர் சந்தோஷ் நாராயணன் 2012ல் 'அட்டகத்தி'யில் தொடங்கி, 2021ல் 'கர்ண'னில் கிடாக்குழி மாரியம்மாளின் குரலை முன்னால் நிறுத்தியபோது, என்னைப் போன்றவர்களுக்குத் தைரியம் வந்தது. எங்கள் சத்தத்துக்குப் பாலிஷ் போடாமலே விற்கலாம்.

மேசையில் இருப்பவை

முதல் லேப்டாப் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஷிப்ட் பார்த்த சம்பளத்தில் வாங்கியது. ரிங் ஃபிரேம் ஓடும் கூடத்தில் பேச்சு கேட்காது. ஆனால் அந்த இரைச்சலுக்குள் ஒரு சுருதி நிற்கும். மனதுக்குள் அதை ஆதாரமாக வைத்து மெட்டுக் கட்டியிருக்கிறேன்.

மென்பொருள் எஃப்எல் ஸ்டுடியோ. பெல்ஜியத்தின் இமேஜ்லைன் நிறுவனம் 1997ல் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் விட்டது. இதன் இலவசப் பதிப்பில் பாட்டைப் போடலாம், வெளியே எடுக்கலாம். சேமித்த வேலையை மறுநாள் திறந்து தொடரத்தான் முடியாது. அதனால் உட்கார்ந்தால் முடித்துவிட்டு எழும் பழக்கம் வந்தது. பணம் கட்டி வாங்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் புதுப் பதிப்பு இலவசம் என்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய சலுகை.

அடுத்தது ஆடியோ இன்டர்ஃபேஸ். மைக்கில் இருந்து வரும் மின் அலையை விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக்கி லேப்டாப்புக்குக் கொடுக்கும் சின்னப் பெட்டி. என்னுடையது இரண்டு மைக் மாட்டும் ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட். பாட்டுக்கு ஒரு கண்டென்சர் மைக், மேளத்துக்கு ஷ்யூர் எஸ்எம்57. 1965ல் வந்த அந்த மைக் இன்றும் மேளம் பதிக்கிறவர்களின் முதல் கை. பிறகு 49 கட்டை மிடி கீபோர்டு. அது தானாகச் சத்தம் போடாது. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்பதை 0 முதல் 127 வரை எண்ணாக அனுப்பும். எந்தக் கம்பெனிக் கருவியும் எந்தக் கம்ப்யூட்டரோடும் பேசுவதற்காக 1983ல் போட்ட மிடி ஒப்பந்தம், நாற்பது வருடம் தாண்டியும் ஓடுகிறது.

சுவருக்கு இலவம்பஞ்சு மெத்தை. கரண்ட் போனால் இன்வெர்ட்டர்; அது போடும் முனகல் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். கீபோர்டில் தேடினால் அது ஜி கட்டைக்கும் ஜி ஷார்ப் கட்டைக்கும் நடுவில் நிற்கும், எந்தப் பாட்டோடும் சேராது. அதனால் மைக் ஆன் ஆகும்போது இன்வெர்ட்டர் ஆஃப்.

ஆசைக்குச் சேர்த்த சத்தங்களும் உண்டு. நாகல் நகர்ப் பட்டறையில் ஒரு மாங்காய்ப் பூட்டைத் திறந்து மூடிப் பதிந்து வைத்திருக்கிறேன். சாவி திரும்பும்போது உள்ளே நெம்புகோல் விழும் 'டக்' சத்தத்தை மேலே தூக்கினால் ஹைஹேட் சிம்பலைவிடக் கூர்மையாக வரும். திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். என் தாளத்தில் அது அதற்கு முன்பே ஏறிவிட்டது.

உறுமியும் கட்டமும்

ரெடிமேட் சத்தத் தொகுப்புகளில் தபேலாவும் டோலக்கும் தாராளமாகக் கிடைக்கும். பறையும் பம்பையும் தேடித்தான் பிடிக்க வேண்டும், உறுமி அதைவிடக் கஷ்டம். உறுமி இடுப்புச் சிறுத்த மேளம். ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். இன்னொரு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். அழுத்தம் கூடக் கூடச் சத்தம் கீழிருந்து மேலே வழுக்கி ஏறும். பறையடியைத் துண்டு துண்டாகப் பதிந்து கட்டையில் ஏற்றிவிடலாம்; இந்தத் தேய்ப்பை எங்கே வெட்டுவது? ராஜகம்பளத்தார் தேவராட்டத்துக்கு முழங்கும் தேவதுந்துபியிலும் இதே கதைதான்.

அதனால் ஆட்களைத்தான் அழைக்க வேண்டும். மெத்தை கட்டிய அறையில் பறை செத்துப்போகும், வெறும் அறையில் எதிரொலித்துத் தொலைக்கும். சிறுமலை அடிவாரத்தில் தெரிந்தவர் தோப்புதான் எங்கள் கூடம். சுவரே இல்லாததால் போன சத்தம் திரும்பி வராது. வைக்கோலைக் கொளுத்தி, தோல் முறுக்கேறும் வரை பறையைக் காட்டிவிட்டு உடனே வாசிக்க ஆரம்பிப்பார்கள். நேரம் போகப் போகத் தோல் தளர்ந்து சுருதி இறங்குவது மைக்கில் தெளிவாகத் தெரியும். அதனால் சின்னச் சின்னத் துண்டாகத்தான் பதிய வேண்டும். மைக்கை ஒரு சாண் தள்ளி, நடுத்தோலைப் பார்க்காமல் ஓரத்தைப் பார்த்து வைப்பேன். எல்லாம் கூடிவரும் நேரத்தில் மயில் அகவும். இந்தச் சமவெளியில் பதிந்த என் பாட்டுகளில் காது கொடுத்தால் எங்காவது ஒரு மயில் இருக்கும்.

அடுத்தது காலக்கணக்கு. கம்ப்யூட்டர் திரையில் தாளம் சமமான கட்டங்களாக நிற்கும். காதில் ஹெட்போன் மாட்டி 'டிக் டிக்' என்று ஓட்டினால் பறைக்கார அண்ணன் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார். "இது என் கையக் கட்டுது தம்பி. நான் ஆடுறவன் காலப் பாத்துல்ல அடிப்பேன்." அவர் சொன்னது சரி. எங்கள் தாளம் மூன்று மூன்றாக நடப்பது. அதில் நடு அடி கட்டத்தில் விழாமல் ஒரு முடியளவு பின்னால் விழும். நிமிடத்துக்கு 110 அடியில் ஆரம்பித்தவர், ஆட்டம் சூடேற 120ஐத் தாண்டுவார். கம்ப்யூட்டரில் 'குவாண்டைஸ்' என்ற பொத்தானைத் தட்டினால் எல்லா அடியும் கட்டத்துக்கு ஓடிப் போய் வரிசையாக நிற்கும். ஆட்டம் போய் அணிவகுப்பு வந்துவிடும். நான் தலைகீழாகச் செய்கிறேன். முதலில் அண்ணன் தன் போக்கில் அடித்துவிட வேண்டும். பிறகு அவர் அடிக்கு அடி எங்கே நின்றாரோ, அந்த இடத்துக்குக் கட்டங்களை நகர்த்திக்கொள்வேன். பாஸ், கீபோர்டு, குரல் எல்லாம் அதற்கப்புறம் அவரைப் பின்தொடர்ந்து வரும்.

கடைசியில் மிக்சிங். கும்பிட்டுப் பாட்டு முதலில் ஒலிப்பது குழாயிலும் பெட்டி ஸ்பீக்கரிலும். மறுநாள் முதல் செல்போனில். குழாய்க்கும் செல்போனுக்கும் கீழ் சத்தம் வராது. 60 ஹெர்ட்ஸில் கும்மென்று விழும் அடி அங்கே காணாமல் போகும். அதனால் அந்த அடியை லேசாகச் சிதைத்து, அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வுகளை எழுப்பிவிடுவோம். மேலே உள்ளவற்றைக் கேட்டதும் கீழே இல்லாததை மூளை தானே நிரப்பிக்கொள்ளும். இந்த வித்தை தெரியாவிட்டால், அறையில் அதிரும் பாட்டு தெருவில் தகரம் தட்டும்.

ஆறேழு விநாடியின் விலை

தோப்பில் ஒருநாள் உறுமித் தாத்தா கேட்டார்: "ஒருதடவ புடிச்சு உள்ள வச்சுட்டீன்னா, அப்புறம் என்னைய எதுக்குய்யா கூப்புடப் போற?"

இந்தத் தொழிலின் ஆகப் பெரிய கேள்வி இது. 1969ல் அமெரிக்காவில் தி வின்ஸ்டன்ஸ் என்ற குழு ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. அதன் பின்பக்கத்தில் இருந்த 'ஆமென், பிரதர்' என்ற பாட்டின் நடுவில் கிரிகரி கோல்மன் என்ற டிரம்மர் ஆறேழு விநாடி தனியாக வாசிப்பார். 1980களில் சத்தத்தை வெட்டி ஒட்டும் சாம்ப்ளர் கருவி பரவியதும், ஹிப்ஹாப்காரர்கள் முதல் லண்டன் நடன இசைக்காரர்கள் வரை அந்தத் துண்டை எடுத்துச் சுழற்றினார்கள். ஆயிரக்கணக்கான பாட்டுகள் அந்த ஆறேழு விநாடி மேல் நிற்கின்றன. கோல்மனுக்குக் காசு வரவில்லை; 2006ல் வறுமையில் இறந்தார். 2015ல் இசை ரசிகர்கள் இணையத்தில் நிதி திரட்டி, குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 24,000 பவுண்டு கொடுத்தது மட்டுமே வந்த நியாயம்.

நம் சட்டம் காகிதத்தில் பரவாயில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, சினிமாப் பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் தியேட்டருக்கு வெளியே வரும் ராயல்டியைத் தயாரிப்பாளருக்கு ஒட்டுமொத்தமாக எழுதிக் கொடுத்துவிட முடியாது. அவர்களுக்காக வசூலிக்க 1969 முதல் ஐபிஆர்எஸ் அமைப்பு இருக்கிறது. பாடுகிறவர், வாசிக்கிறவர் எல்லாரும் சட்டப்படி நிகழ்த்துகலைஞர்கள். அவர்கள் நிகழ்த்தியதன் மேல் 50 ஆண்டு உரிமை உண்டு. உறுமித் தாத்தாவும் அதில் சேர்த்திதான். ஆனால் அந்த உரிமையைக் கேட்க, வாசித்தது அவர்தான் என்று எங்காவது எழுதியிருக்க வேண்டுமே! 'எஞ்சாய் எஞ்சாமி' 2021ல் உலகம் சுற்றியபோது, யாருக்கு எவ்வளவு பெயர் என்று பெரிய விவாதம் நடந்தது. பெயர் தெரிந்தவர்களுக்கே அந்த நிலை என்றால், நோட்டீசில் 'தாரை தப்பட்டை'யாக நிற்பவர்கள் எங்கே போய்க் கேட்பது?

என் கணக்கு

சினிமா வேண்டாம் என்று சொல்லும் ஆள் இல்லை நான். வைகை எக்ஸ்பிரஸ் திண்டுக்கல்லில் நிற்கிறது. யாராவது ஓர் இசையமைப்பாளர் தாளம் புரோகிராம் செய்யக் கூப்பிட்டால் அன்றைக்கே ஏறிவிடுவேன். கம்ப்யூட்டருக்குள் ஒலிகள் வைத்திருப்பவன் சென்னையில் குடியிருக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை. தாளத்தை இங்கே போட்டு இரவே அனுப்பிவிடலாம்.

சுனோ மாதிரிச் செயலிகளில் ஒரு நிமிடத்தில் அம்மன் பாட்டு வருகிறதே, உன் பிழைப்பு என்னாகும் என்றும் கேட்கிறார்கள். வரட்டும். வேப்பிலை, சூலம், சிங்கம் எல்லாம் அதற்குத் தெரிகிறது. வடமதுரைப் பக்கத்துக் கிராமத்துப் பூசாரியின் பட்டப்பெயர் தெரியாது. நடு அடியைப் பின்னால் போடும் கை எந்தத் தெருவில் இருக்கிறது என்றும் தெரியாது. என் வியாபாரமே அந்த இரண்டிலும்தான் இருக்கிறது.

நான் செய்ய நினைப்பது இந்தச் சமவெளியின் மேளங்களுக்கு ஓர் ஒலித்தொகுப்பு. பறை, உறுமி, தேவதுந்துபி, பம்பை, தவில், தமுக்கு. சிங்கப்பூரில் இருப்பவரோ டொரண்டோவில் இருப்பவரோ வாங்கித் தன் பாட்டில் போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு ஒலிக்கோப்பின் பெயரிலேயே வாசித்தவர் பெயரும் ஊரும் இருக்கும். விற்கும் ஒவ்வொரு பிரதியிலும் அவருக்குப் பங்கு போகும். உறுமித் தேய்ப்பை மட்டும் துண்டாக வெட்டி விற்கப் போவதில்லை. அது வேண்டும் என்பவர் தாத்தாவைப் பதிவுக்கு அழைக்க வேண்டும், கூலி பேச வேண்டும். அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இப்போதைக்கு அவ்வளவுதான். அது முழுப் பதில் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பறையடியை வாங்கிக்கொண்டு பறைக்கார அண்ணனை அழைக்காமல் விடப்போகிறவர்கள் உண்டு. அப்போதும் அவர் பங்கு நிற்காமல் வர வேண்டும் என்பதற்குத்தான் இத்தனை எழுத்து.

முதல் வேலையாக ஒரு தாள் அடித்து வைத்திருக்கிறேன். பெயர், ஊர், வாத்தியம், இன்றைய கூலி, விற்பனையில் பங்கு, எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது. எல்லாம் தமிழில், பெரிய எழுத்தில். நானும் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை வாசிப்பவர் கையில் கொடுத்த பிறகுதான் மைக் ஆன் ஆகும். கும்பிட்டுப் பாட்டுக்கு வரும் இளவட்டங்களிடமும் ஒரு நிபந்தனை வைக்கிறேன்: உங்கள் ஊர் நோட்டீசில் அடித்தவர்கள் பெயரை வரிசையாகப் போடுங்கள், பாட்டில் நூறு ரூபாய் குறைத்துக்கொள்கிறேன். இந்த மாசியில் சில ஊர்கள் போட்டிருக்கின்றன.